பழைய பாய்மரப் படகைத் தூரப் பயணத்துக்குத் தயார் செய்வது எப்படி?

1965 முதல் 1985 வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 27 அடி முதல் 35 அடி வரையிலான ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகுகள் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டன. அல்பின் வேகா, நிக்கல்சன் 32, கான்டெசா 32, கேட்டலினா 30, வெஸ்ட்செயில் 32 என்று பட்டியல் நீளும். இன்றைக்கும் இவை மலிவாகக் கிடைக்கின்றன. மலிவு என்பதால் கடலுக்கு லாயக்கில்லாதவை என்று நினைக்க வேண்டாம். மாட் ரதர்ஃபோர்ட் 2011-12இல் வட, தென் அமெரிக்கக் கண்டங்கள் இரண்டையும் எங்கும் நிறுத்தாமல் தனியாகச் சுற்றி வந்தது 27 அடி அல்பின் வேகாவில்தான். 309 நாள், 27,077 மைல். 1988க்கு முன் வடிவமைக்கப்பட்ட, 32 முதல் 36 அடிக்குள் இருக்கும் படகுகளுக்கு மட்டுமே, தனி ஆளாக நிறுத்தாமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் இடம். 2022இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில் நம் அபிலாஷ் டாமி ரஸ்ட்லர் 36 படகை ஓட்டி இரண்டாவதாக வந்தார்.

இந்தப் படகுகளின் உடல் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். அந்த உடலில் போட்ட துளைகளும், துளைகளில் மாட்டிய உலோகமும், உலோகத்தைச் சுற்றி வைத்த பசையும்தான் கெட்டுப்போகின்றன. அதனால் வேலையை இந்த வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள்: மேலிருந்து இறங்கும் தண்ணீரை முதலில் நிறுத்துங்கள், அடுத்து கீழிருந்து வரக்கூடிய தண்ணீர், அதற்குப் பிறகு பாய்மரம், சுக்கான், எஞ்சின், மின்சாரம். மெத்தைத் துணி, மர பாலிஷ், சமையல் மேடை எல்லாம் கடைசி. மேல்தளம் ஒழுகும் படகில் உள்ளே புதுப் பலகை அடித்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் அதையும் பிய்த்தெறிய வேண்டியிருக்கும்.

மேல்தளத்தைத் தட்டிப் படம் போடுங்கள்

பெரும்பாலான படகுகளின் மேல்தளம் மூன்று அடுக்கு. மேலே ஒரு ஃபைபர் கிளாஸ் தோல், கீழே ஒன்று, நடுவே 9 முதல் 19 மி.மீ. வரை தடிமனுள்ள பால்சா மரத் துண்டுகள். எடை குறைவு, விறைப்பு அதிகம்; நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் பால்சா அழுகத் தொடங்கும். இரண்டு தோல்களும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, காலடியில் தளம் அமுங்கும்.

தேவையானவை பிளாஸ்டிக் தலை வைத்த சிறு சுத்தியல், ஈரப்பதமானி, மாஸ்கிங் டேப், பென்சில். 5 செ.மீ. இடைவெளியில் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் "டக்" என்று கூர்மையாகக் கேட்கும். அழுகிய இடம் "தொப்" என்று மந்தமாகக் கேட்கும். எல்லையை டேப் ஒட்டிக் குறித்து, முழுத் தளத்துக்கும் ஒரு காகிதப் படம் வரைந்து வையுங்கள். ஈரப்பதமானியை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அடியில் உலோகத் தகடோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அது பொய்யான உயர்ந்த அளவைக் காட்டும். சந்தேகமான இடத்தில் உள்ளிருந்து மேல்நோக்கி 5 மி.மீ. டிரில் போடுங்கள், மேல்தோலைத் துளைத்துவிடாமல் இருக்க டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துருவல் வெளுப்பாகவும் உலர்ந்தும் வந்தால் நல்லது. பழுப்பாகவோ கறுப்பாகவோ ஈரமாக வந்தால் அங்கே வேலை இருக்கிறது. பார்த்து முடித்த துளைகளை எபாக்ஸி (ரெசினையும் ஹார்டனரையும் கலந்தால் இறுகும் பசை) வைத்து அடைத்துவிடுங்கள்.

கைப்பிடிக் கம்பங்களின் அடித்தகடு, செயின்பிளேட் (பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிவடங்களைப் படகோடு பிணைக்கும் உலோகப் பட்டை) வெளிவரும் இடம், பாய்மரத்தின் அடி, ஹேட்ச் (மேல்தளத்துக் கதவு) ஓரங்கள், நங்கூர வின்ச் ஆகிய ஐந்து இடங்களில்தான் பெரும்பாலும் அழுகல் ஆரம்பிக்கும். முதலில் அங்கே தட்டுங்கள்.

அழுகிய பால்சாவை மாற்றுவது

வரிசையாகத் துளை போட்டு ஊசியால் எபாக்ஸி ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஈர மரம் எபாக்ஸியை உறிஞ்சாது. உள்ளே இருக்கும் தண்ணீருக்கும் வெளியே போக வழியில்லை. மேல்தோல் பிரிந்திருந்தும் உள்ளே முழுக்க உலர்ந்திருக்கும் சிறு இடங்களுக்கு மட்டும்தான் அந்த முறை உதவும். மற்ற இடங்களில் தோலைத் திறந்தே ஆக வேண்டும்.

வேலையை மேலிருந்து செய்யுங்கள். கீழிருந்து செய்தால் வெட்டுக்கோடு வெளியே தெரியாது என்பது உண்மை. ஆனால் ரெசின் முகத்தில் சொட்டும், பால்சாவும் ஒட்டாமல் கீழே விழும்.

சறுக்காத சொரசொரப்புப் பகுதியைச் சுற்றி வழுவழுப்பான பட்டைகள் இருக்கும். வெட்டுக்கோடு அந்தப் பட்டையில் விழும்படி குறித்தால் பிறகு பூசி மறைப்பது சுலபம். வட்ட ரம்பத்தின் ஆழத்தை மேல்தோலின் தடிமனுக்கு, பொதுவாக 3 முதல் 5 மி.மீ.க்கு, வைத்து வெட்டுங்கள். கெட்டிப் புட்டிக் கத்தியையும் மர ஆப்பையும் செருகித் தோலை மெதுவாகக் கிளப்புங்கள். முழுசாக வந்தால் அதையே திரும்ப ஒட்டலாம். பெரிய பரப்பைத் திறக்கும் முன் கேபினுக்குள்ளிருந்து முட்டுக்கட்டை கொடுங்கள். மேல்தோல் போனதும் தளத்தின் வளைவு தளர்ந்துவிடும். அந்த நிலையில் ஒட்டினால் பள்ளம் நிரந்தரமாகிவிடும், மழைத்தண்ணீரும் அங்கேயே தேங்கும்.

அழுகிய பால்சா கஞ்சிபோல் கையோடு வரும். ஓரங்களில் உளி போட வேண்டியிருக்கும். உலர்ந்த, வெளுத்த மரம் தெரியும் வரை போங்கள். "இது பரவாயில்லை" என்று பாதி ஈரத்தில் நிறுத்தினால் அழுகல் அங்கிருந்தே மறுபடி தொடரும். மேலே தார்ப்பாய்க் கூடாரம், உள்ளே மின்விசிறி, மிதமான சூடு வைத்து முழுக்க உலரவிடுங்கள். அடித்தோலை 60 அல்லது 80 நம்பர் தாள் கொண்டு உரசித் தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, அசிட்டோன் தொட்ட சுத்தமான துணியால் துடையுங்கள்.

புது நடு அடுக்கு பழையதன் தடிமனிலேயே இருக்க வேண்டும். பால்சாவும் போடலாம், தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் பலகையும் போடலாம். கிளீட் (கயிறு கட்டும் கொம்பு), வின்ச் (கயிறு இழுக்கும் உருளை), கம்பங்களின் அடித்தகடு வரும் இடங்களில் மட்டும் இரண்டும் வேண்டாம். அங்கே ஜி-10 எனப்படும் கெட்டி ஃபைபர் கிளாஸ் தகட்டைப் புதைத்துவிடுங்கள்.

எபாக்ஸி கலப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசினுக்கு 206 ஹார்டனர் என்றால் 5க்கு 1, 207 என்றால் 3க்கு 1. மற்ற நிறுவனங்களின் விகிதம் வேறு. டப்பாவில் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது. ஒருபோதும் முழுசாக இறுகாமல் ரப்பர்போல் நின்றுவிடும். ஒரு முறைக்கு 300 மில்லிக்கு மேல் கலக்காதீர்கள். டப்பாவில் குவிந்திருக்கும் கலவை தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். கலந்தவுடன் தட்டையான தட்டில் ஊற்றினால் கூடுதல் நேரம் கிடைக்கும். வெயில் நாட்டில் மெதுவான ஹார்டனரும் அதிகாலை வேலையும்தான் சரிப்படும்.

முதலில் அடித்தோலிலும் பால்சாவின் இரு முகங்களிலும் நீர்த்த எபாக்ஸியை உருளையால் பூசுங்கள். பால்சாவின் வெட்டு முகம் ரெசினை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, மங்கிப்போன இடங்களில் மறுபடி பூச வேண்டும். இதைத் தவிர்த்தால் பால்சா பசையில் இருக்கும் ரெசினை இழுத்துக்கொள்ள, இணைப்பு வறண்டு பிரிந்துவிடும். அடுத்து, கூழ்மச் சிலிக்கா தூளைச் சேர்த்துக் கரண்டியில் சரியாமல் நிற்கும் பதத்துக்குப் பசையாக்கி, பல் வைத்த கரண்டியால் வாரிப் பரப்புங்கள். பால்சாவை அழுத்தி உட்கார வைத்து, துண்டுகளுக்கு இடையே உள்ள கீறல்களையும் அதே பசையால் நிரப்பி, மேலே பாலித்தீன் தாள் விரித்து மணல் மூட்டைகளை அடுக்குங்கள்.

இறுகியதும் மேல்தோலின் அடிப்பக்கத்தை உரசிச் சுத்தம் செய்து, 15 செ.மீ.க்கு ஒன்றாக 4 மி.மீ. துளைகள் போட்டு, அதே பசையில் உட்கார வையுங்கள். எல்லாத் துளைகளிலும் பசை எட்டிப் பார்த்தால் அடியில் காற்றுக் குமிழ் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு துளையில் வராவிட்டால் அந்த இடத்தில் எடையைக் கூட்டுங்கள்.

வெட்டிய கோட்டை வெறும் புட்டி வைத்து மூடக் கூடாது. ஒரு பருவம் முடிவதற்குள் விரிசல் அப்படியே வெளியே தெரியும். கோட்டின் இரு பக்கமும் தோல் தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாக உரசி எடுங்கள், 4 மி.மீ. தோல் என்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய 5 செ.மீ. அந்தப் பள்ளத்தில் 1708 பையாக்ஸியல் துணியை எபாக்ஸியில் நனைத்து அடுக்குங்கள். ஒரு அடுக்குக்குச் சுமார் 1 மி.மீ. ஏறும். இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் வரும். அது தண்ணீரில் கரையும், அசிட்டோனில் சரியாகப் போகாது. எனவே உரசும் முன் தண்ணீர் ஊற்றிச் சொரசொரப்பான நார்ப்பட்டையால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவாமல் உரசினால் அந்தப் படலம் கீறல்களுக்குள் அழுந்தி, அடுத்த பூச்சு உரிந்து வரும். கடைசியாக பிரைமர், அதன் மேல் மணல் தூவிய சறுக்காத பெயிண்ட். வெயில் பட்டால் எபாக்ஸி சிதையும் என்பதால் பெயிண்ட் கட்டாயம்.

கையுறையும் நல்ல வடிகட்டி வைத்த முகமூடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் போகாது. அதன் பிறகு அந்த மனிதர் எபாக்ஸியைத் தொடவே முடியாது.

போல்ட் துளைகள்

பால்சாவை மாற்றாத இடங்களிலும் எல்லாச் சாமான்களையும் கழற்றித் திரும்ப மாட்டுவதே நல்லது. 30 அடிப் படகில் நூற்றுக்கும் மேற்பட்ட துளைகள் இருக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் படகின் ஆயுளைக் கூட்டுவதில் இதற்கு நிகராக வேறொன்று இல்லை.

6 மி.மீ. போல்ட் என்றால் மேல்தோலையும் பால்சாவையும் 12 மி.மீ. பிட்டால் துளையுங்கள், அடித்தோலை விட்டுவிடுங்கள். ஆணி ஒன்றை எல் வடிவில் வளைத்து டிரில்லில் மாட்டிச் சுழற்றினால் துளையைச் சுற்றியுள்ள பால்சா உதிரும். உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் டேப் ஒட்டி, முதலில் நீர்த்த எபாக்ஸி, பிறகு கெட்டி எபாக்ஸி என்று நிரப்புங்கள். இறுகியதும் நடுவே 6 மி.மீ. துளை. இனி பசை தோற்றுப்போனாலும் தண்ணீர் பால்சாவுக்குப் போகாது, நேராகக் கேபினுக்குள்தான் சொட்டும். கசிவு உடனே கண்ணில் படும்.

துளையின் மேல் விளிம்பைக் கூம்பாகச் சற்றுக் குடைந்துவிடுங்கள். பியூட்டைல் டேப்பைத் திரித்து போல்ட்டின் கழுத்தில் சுற்றினால் அந்தக் குடைவில் வளையமாக உட்காரும். முடுக்கும்போது போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு கீழே நட்டை மட்டும் திருப்புங்கள். போல்ட் சுழன்றால் வளையம் அறுந்துவிடும். பியூட்டைல் மெதுவாகத்தான் பிதுங்கும், எனவே மூன்று நான்கு நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். அடியில் வாஷர் மட்டும் போதாது, 6 மி.மீ. ஜி-10 தகடு வையுங்கள். சிலிகான் வேண்டாம், அதன் எச்சத்தின் மேல் பிறகு எதுவும் ஒட்டாது. 3எம் 5200 போன்ற நிரந்தரப் பசையை, மறுபடி கழற்ற வேண்டிய எதிலும் போடாதீர்கள். சாமானோடு ஜெல்கோட்டும் (ஃபைபர் கிளாஸின் மேலுள்ள வழுவழுப்பான வெளிப்பூச்சு) பிய்ந்து வரும். பாலிசல்ஃபைடு பசை நல்லதுதான், ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட் ஜன்னல்களை அது அரித்துவிடும்.

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே

படகை மூழ்கடிப்பது பெரும்பாலும் புயல் அல்ல, ஒரு ஹோஸ் கழன்றதுதான் காரணமாக இருக்கும். தண்ணீர் மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 38 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 140 லிட்டருக்கும் குறையாமல் உள்ளே பாயும். மணிக்கு 2000 கேலன் என்று பெயர் போட்ட பம்ப், எந்தத் தடையும் இல்லாதபோதே நிமிடத்துக்கு 126 லிட்டர்தான் தள்ளும். ஹோஸின் உயரமும் வளைவும் சேர்ந்தால் இன்னும் குறையும். பம்ப்பை நம்புவதைவிட வால்வை மாற்றுவது புத்திசாலித்தனம்.

பழைய படகுகளில் சக்கரம் வைத்த பித்தளை கேட் வால்வுகள் இருக்கும். உப்புத் தண்ணீரில் பித்தளையிலிருக்கும் துத்தநாகம் கரைந்து போக, மிச்சம் நிற்கும் செம்பு இளஞ்சிவப்பாகவும் நொறுங்கும்படியாகவும் இருக்கும். கத்தியால் கீறிப் பாருங்கள். மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அன்றே தூக்கி எறியுங்கள். பதிலுக்கு வெண்கலமோ மாரலான் பிளாஸ்டிக்கோ போடலாம். அடியில் அகலமான விளிம்பு வைத்த உண்மையான சீகாக்கை (உடலில் உள்ள துளையை மூடித் திறக்கும் வால்வு) வாங்குங்கள். குழாய்க்கடை பால் வால்வை (ball valve, உள்ளே பந்து வைத்த வால்வு) உடல்குழாயின் (உடல் துளையில் செருகிய குழாய்) மேல் நேராகத் திருகக் கூடாது. உடல்குழாயின் மரை நேரானது, பால் வால்வின் மரை கூம்பு. இரண்டு மூன்று சுற்றோடு பிடிப்பு நின்றுவிடும். சீகாக்கின் உள்முனையில் 227 கிலோ விசையை 30 நொடி கொடுத்தாலும் தாங்க வேண்டும் என்பது அமெரிக்கப் படகுத் தர விதி. தடுமாறி விழும் ஆள் அதன் மேல் மிதித்தாலும் உடையக் கூடாது என்பதுதான் நோக்கம்.

ஒவ்வொரு ஹோஸ் முனைக்கும் இரண்டு 316 ஸ்டெயின்லெஸ் கிளாம்ப், பட்டையில் துளையில்லாத வகை. ஒவ்வொரு சீகாக்கிலும் அதன் அளவுக்கேற்ற மரக் கூம்பைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள்.

புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் உள்ள ரப்பர் ஹோஸைப் பலர் மறந்துவிடுவார்கள். வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். பழைய பாணி நாடா அடைப்பு என்றால், தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழ வேண்டும். ஒரு சொட்டும் விழாதபடி முடுக்கினால் தண்டு சூடேறித் தேயும்.

அடிப்பகுதியில் கொப்புளங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குத்தினால் புளித்த நெடியோடு திரவம் வரும். உரசித் திறந்து, நன்கு கழுவி, உலரவிட்டு, எபாக்ஸிப் புட்டி வைத்தால் போதும். நூற்றுக்கணக்கில் இருந்தால் மட்டும் ஜெல்கோட்டை எடுத்துவிட்டு, உலர்ந்தபின் மொத்தம் 250 மைக்ரான் வரும்படி எபாக்ஸித் தடுப்புப் பூச்சுப் பூச வேண்டியிருக்கும்.

கீல் (படகின் அடியில் உள்ள கனமான எடைத் துடுப்பு) போல்ட்டில் பிடிக்கப்பட்டதா, உடலுக்குள்ளேயே புதைக்கப்பட்டதா என்று பாருங்கள். போல்ட் வகையில் உடலும் கீலும் சேரும் கோட்டில் துருநீர் வழிந்தால் போல்ட்டுகளைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். கேட்டலினா 30இல் அந்தக் கோட்டின் முன்விளிம்பில் வரும் விரிசலுக்கு "கேட்டலினா ஸ்மைல்" என்றே பெயர். சுக்கானின் அடியில் ஒரு சிறு துளை போடுங்கள். தண்ணீர் வந்தால், உள்ளே தண்டோடு பற்றவைத்த தகடுகள் அரித்திருக்க வாய்ப்புண்டு. தண்டைப் பிடித்துக்கொண்டு சுக்கானைத் திருகிப் பார்த்தால் ஆட்டம் தெரியும்.

பாய்மரத்தைப் பிடித்திருப்பவை

கம்பிவடம், டர்ன்பக்கிள் (வடத்தை முடுக்கும் திருகு), செயின்பிளேட் என்ற சங்கிலியில் கண்ணுக்குத் தெரியாத கண்ணிதான் முதலில் அறும். அது செயின்பிளேட் மேல்தளத்துக்குள் நுழையும் அந்த 2 செ.மீ. பகுதி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருக்க மேற்பரப்பில் ஆக்சிஜன் பட வேண்டும். ஈரப் பசைக்குள் புதைந்த இடத்தில் ஆக்சிஜன் இல்லை. அங்கே குழி குழியாக அரிக்கும். மேலேயும் கீழேயும் கண்ணாடிபோல் மின்னும், நடுவில் பாதி தடிமன்தான் மிச்சமிருக்கும். ஆகவே எல்லாவற்றையும் வெளியே உருவி எடுங்கள். பாலிஷ் போட்டு, சிவப்புச் சாயச் சோதனை செய்யுங்கள்: சாயம் தெளித்து, 10 நிமிடம் விட்டு, துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பர் தெளித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும். ஒரு கோடு தெரிந்தாலும் முழு ஜோடியையும் மாற்றுங்கள். அவை பிணைந்திருந்த மரத் தடுப்புச் சுவர் கறுத்திருந்தால் அதையும்தான்.

கம்பிவடத்தின் வயது தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். 10 வயதைத் தாண்டிய வடத்துக்கு இன்ஷூரன்ஸ் தர மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. கீழ்முனை ஸ்வேஜ்தான் (வடத்தின் மேல் நசுக்கிப் பொருத்திய உலோக முனை) முதலில் விரிசல் விடும், ஏனென்றால் அது மேல்நோக்கிய குவளையாக இருந்து வடத்தில் வழிந்துவரும் உப்புத் தண்ணீரைத் தேக்கிக்கொள்கிறது. புதிதாகப் போடும்போது கீழ்முனைக்கு ஸ்டா-லாக் போன்ற கையால் பூட்டும் முனைகளை வாங்கினால், நடுக்கடலில்கூட இரண்டு ஸ்பேனர் கொண்டு மாற்றலாம். உள்ளே இருக்கும் கூம்பு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக வேண்டும். பழைய வடத்தைத் தரையில் நேராக இழுத்து, ஒரு முனையின் பூட்டு முள்ளிலிருந்து மறுமுனையின் முள் வரை நீளம் அளந்து, டர்ன்பக்கிள் பாதி திறந்த நிலையில் வரும்படி புதியதை வெட்டுங்கள். பலத்துக்காக ஒரு அளவு தடித்த கம்பி போடும் ஆசை வேண்டாம். உச்சியில் எடை கூடும், பழைய முள்ளும் துளையும் பொருந்தாது.

பாய்மரம் மேல்தளத்தின் மேல் நிற்கும் வகை என்றால், கேபினுக்குள் அதைத் தாங்கும் தூணின் அடியைப் பாருங்கள். கசிவுநீர் தேங்கும் அந்த இடத்தில் வைத்த மரக்கட்டை அழுகி, மொத்தத் தளமும் அமுங்கியிருக்கும். உள்கதவுகள் இறுக ஆரம்பித்திருந்தால் அதுவே அறிகுறி. அல்பின் வேகாவில் பாய்மரத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் மரவிட்டம் தளர்வது தெரிந்த குறை. ஸ்டீல் பட்டை வைத்து வலுப்படுத்துவார்கள்.

எஞ்சினும் எரிபொருளும்

இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். குளிர்விக்கும் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரை ஆண்டுக்கு ஒன்று மாற்றுங்கள். உடைந்திருந்தால் காணாமல்போன இறகுகளைக் குழாயில் தேடி எடுங்கள். எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் கலக்கும் முழங்கையைக் கழற்றிப் பாருங்கள், கரி அடைத்திருக்கும். எஞ்சின் வேகம் எடுக்காததற்கும் சூடேறுவதற்கும் பாதி நேரம் அதுவே காரணம். டீசல் தொட்டியைத் திறந்து அடியிலுள்ள சகதியை வழித்தெடுங்கள். துறைமுகத்தில் அசையாமல் நின்றபோது அடியில் கிடந்த சகதி, முதல் பெரிய அலையில் கலங்கி ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் மிக அவசியமான நேரத்தில் நிற்கும். பெட்ரோலில் ஓடும் அட்டாமிக் 4 இருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன் காற்றோட்டி விசிறியை 4 நிமிடம் ஓட்டுவது கட்டாயம். சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானது. சிலிண்டர் பெட்டி கேபினிலிருந்து முழுக்க அடைக்கப்பட்டு, அதன் அடியிலிருந்து நேராகக் கடலுக்கு வடிகால் இருக்க வேண்டும்.

மின்சாரம்

40 வருடத்தில் ஒவ்வொரு உரிமையாளரும் சேர்த்துச் சேர்த்து ஒட்டுப்போட்ட வயரிங்கைத் திருத்த முயலாதீர்கள். எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக இழுங்கள். வேலை அதைவிடச் சீக்கிரம் முடியும். டின் பூசிய பல இழைச் செம்பு வயர், ராட்செட் கிரிம்ப்பர், உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் முனைகள். ஈயப்பற்று மட்டும் போட்ட இணைப்பு அதிர்வில் முறியும்.

வயர் தடிமனை மின்னழுத்த இழப்பை வைத்துக் கணக்கிடுங்கள். வழிகாட்டி விளக்குகளுக்கும் பில்ஜ் பம்ப்புக்கும் (படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்) 3 சதவீதத்துக்கு மேல் இழப்பு கூடாது. குறுக்குவெட்டுப் பரப்பு (ச.மி.மீ.) = 0.0172 × போக வர மொத்த நீளம் (மீட்டர்) × ஆம்பியர் ÷ அனுமதித்த இழப்பு (வோல்ட்). பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தள்ளி 5 ஆம்பியர் இழுக்கும் ஃபிரிட்ஜுக்கும் அதே 3 சதவீதம் (12 வோல்ட்டில் 0.36) என்றால்: 0.0172 × 12 × 5 ÷ 0.36 = 2.87. அதற்கு அடுத்துக் கிடைக்கும் பெரிய அளவான 4 ச.மி.மீ. போடுங்கள். மெல்லிய வயரில் ஓடும் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், பேட்டரி நிறைந்திருக்கும்போதே மின்னழுத்தம் குறைவென்று நின்றுவிடும்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து 18 செ.மீ.க்குள் முதல் ஃபியூஸ் வர வேண்டும். வயரைக் காப்பதற்குத்தான் ஃபியூஸ். அதன் அளவை வயர் தாங்கும் ஆம்பியரை வைத்து முடிவு செய்யுங்கள். பில்ஜ் பம்ப்பை மட்டும் தனி ஃபியூஸோடு நேரடியாகப் பேட்டரியில் இணைத்துவிடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கரைக்குப் போனாலும் அது ஓட வேண்டும்.

பேட்டரி வாங்கும் முன் ஒரு நாள் செலவை எழுதிப் பாருங்கள். கடலில் ஓடும்போது ஃபிரிட்ஜ் 45 ஆம்பியர்-மணி, ஆட்டோபைலட் சராசரி 2 ஆம்பியர் வீதம் 48, பிளாட்டர் (மின்னணுக் கடல் வரைபடம்) 24, காற்று-ஆழ மானிகள் 12, வானொலியும் ஏஐஎஸ்ஸும் (சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் கருவி) 12, எல்இடி விளக்குகள் 5. மொத்தம் 146. இதில் ஆட்டோபைலட்டுக்குப் பதில் மின்சாரமே வேண்டாத, காற்றின் விசையிலேயே படகைத் திசைமாறாமல் செலுத்தும் காற்றுத்தகட்டுச் சுக்கானியைக் கடையாலில் (படகின் பின்பக்கம்) மாட்டினால் 98க்கு இறங்கிவிடும். தூரப் பயணம் போகிறவர்கள் வாங்க வேண்டிய முதல் பெரிய சாமான் இதுதான். பெரிய பேட்டரிக்கும் கூடுதல் சோலாருக்கும் போகும் பணத்தைச் சேர்த்துப் பார்த்தால் விலையும் அதிகமாகத் தெரியாது. நல்ல வெயிலில் 400 வாட் சோலார் நாளுக்கு ஏறக்குறைய 100 ஆம்பியர்-மணி தரும். இரண்டு நாள் மேகமூட்டத்தைத் தாங்க ஈய-அமில பேட்டரி என்றால் 400 ஆம்பியர்-மணி வேண்டும், பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 250 போதும். ஆனால் லித்தியத்தை எஞ்சின் ஆல்டர்னேட்டரோடு நேரடியாக இணைக்காதீர்கள். பேட்டரியின் காவல் சுற்று திடீரென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் எரிந்துபோகும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள்.

நங்கூரமும் முதல் ஓட்டமும்

30 முதல் 33 அடிப் படகுக்கு 15 கிலோ நவீன நங்கூரமும் 8 மி.மீ. சங்கிலியும் பொருந்தும். விடும் நீளத்தைக் கணக்கிடும்போது ஆழத்தோடு அணியத்தின் (படகின் முன்முனை) உயரத்தையும் ஓதம் (கடல் மட்டம்) ஏறும் அளவையும் கூட்டுங்கள். 5 மீட்டர் ஆழம், 1 மீட்டர் அணியம், 2 மீட்டர் ஓதம் என்றால் 8. அதற்கு 5 மடங்கு, 40 மீட்டர். சங்கிலியின் உள்முனையைக் கொக்கியால் பூட்டாமல், மேல்தளம் வரை எட்டும் கயிற்றால் கட்டுங்கள். அவசரத்தில் கத்தியால் அறுத்துவிட்டு ஓட முடியும்.

தண்ணீரில் இறக்கும் நாளில் கிரேனின் பட்டைகள் அவிழும் முன் எல்லா சீகாக்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கையால் தடவிப் பாருங்கள். முதல் ஓட்டத்தில் மிதமான காற்றில், படகு 20 டிகிரி சாய்ந்து எதிர்க்காற்றில் போகும்போது, காற்று வராத பக்கத்து வடம் லேசாகத் தளர வேண்டும், ஊசலாடக் கூடாது. ஊசலாடினால் படகைத் திருப்பி, தளர்ந்த பக்கத்தை அரைச் சுற்று முடுக்கி, மறுபக்கத்துக்கும் அதே அளவு கொடுங்கள். புதுக் கம்பி முதல் சில ஓட்டங்களில் சற்று நீளும். அது நின்ற பிறகு டர்ன்பக்கிள்களில் பிளவு முள் குத்தி, முனைகளை வளைத்து, பாய் கிழியாமல் டேப் சுற்றிவிடுங்கள்.